பொன்னிக்கு வைத்த எண்ணெய்

ஒரு பேன்சீப்பின் பொருட்டு இதனை எழுதி வைக்க வேண்டியதாயிற்று. சென்ற தீபாவளிக்கு முன்பு, புக்கிட் செந்தோசாவில் வாழும் என் அண்ணன் மகள், மறைந்த தன் தாயின் பெட்டியைத் துப்புரவு செய்தபோது அது அகப்பட்டது. மரத்தால் ஆனது; இருபுறமும் நெருங்கிய பற்கள்; ஒரு புறத்துப் பற்களின் அடியில் இன்றும் நீங்காத கருமை. "இது என்னாத்துக்கு அத்தை? எங்கம்மா தலையில பேனா?" என்று கேட்டாள். பூனைக்கு உரியது என்றேன். உடனே அவளுக்குக் கதை நினைவு வந்துவிட்டது. தன் பிள்ளைகளை அழைத்து, "எங்கம்மா வளத்த பூனைய எங்க பாட்டி சாக்குல கட்டி மீன் பசார்ல விட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க, தெரியுமா? பாவம்லா எங்கம்மா" என்று சொல்லி முடித்தாள். பிள்ளைகள் சுவரில் மாலையிட்டிருந்த என் தாயாரின் படத்தை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு உவப்பாக இல்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதி அவள் அறியாதது; நிகழ்ந்ததெல்லாம் அவள் பிறப்பதற்கு முன். அன்று அந்த வீட்டில் இருந்தவருள் இன்று எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. நானும் வாளாவிருந்தால் பாதிக் கதையே முழுக்கதை ஆகிவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோல சிலாங்கூருக்கும் ஜெராமுக்கும் இடையே, கடலுக்கு அணித்தாகக் கிடந்த ஒரு தென்னந்தோட்டத்தில் என் அண்ணன் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராகப் பணியாற்றினார். நான் அத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, மணமாகாதவள், அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் வாய்க்காலுக்கு அப்பால் வரிசையாக நின்றன. கிராணி வீடு இப்பால் தனித்து நின்றது. எங்கள் வீட்டுக்கும் லயங்களுக்கும் நடுவே கொப்பரைச் சூளை. தேங்காய்ப் பருப்பைக் கொட்டாங்கச்சி நெருப்பின் சூட்டில் உலர்த்தும் இடம் அது. காற்றுத் திரும்பும் நாளில் எங்கள் கொடியில் காயும் வெள்ளைத் துணிகள் சாம்பல் நிறம் கொள்ளும்.

அண்ணி உள்நாட்டு ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து மறுமொழி வரும் வாழ்க்கை. கிராணியின் மனைவியாக இங்கு வந்தபின் அந்த ஓசை அற்றுப்போயிற்று. லயத்துப் பக்கம் போய் அமர்ந்தால் பெண்கள் எழுந்து நின்றுவிடுவார்கள், "வாங்க கிராணியம்மா" என்று நாற்காலி தேடுவார்கள், பேச்சு நின்றுபோகும். இரண்டொரு முறை முயன்று பார்த்துவிட்டு அண்ணி போவதை நிறுத்திக்கொண்டார். பகலெல்லாம் அண்ணன் அலுவலகத்தில், நான் பள்ளியில். அந்த வீட்டில் அவர் பேசக் கிடைத்த உயிர் பொன்னி என்ற பூனை ஒன்றே. இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், அண்ணி இழக்க அஞ்சியது ஒரு செல்லப் பிராணியை மட்டுமன்று என்பதை அக்காலத்தில் நானும் முழுமையாக உணரவில்லை.

பொன்னி வந்த வழி சற்று வியப்பானது. தோட்ட நிர்வாகியின் பங்களாவில் நீண்ட மயிருடைய அயல்நாட்டுப் பெண்பூனை ஒன்று இருந்தது. அது வேலி தாண்டிச் சென்று, சுங்கை செம்பிலாங் மீனவரின் படகுகளை நம்பிப் பிழைத்த ஏதோ ஒரு கடுவனோடு கூடிக் குட்டி ஈன்றது. குட்டிகளைக் கண்ட நிர்வாகியின் மனைவி முகம் திருப்பிக்கொண்டதாகவும், பங்களாத் தோட்டக்காரர் அவற்றை வீடு வீடாகக் கொடுத்ததாகவும் கேள்வி. எங்களுக்கு வந்தது தேன் நிறத்தது. மயிர் தாயினுடையது, விரல் நீளம் இருக்கும். வால் தந்தையினுடையது, அப்பகுதிப் பூனைகள் பலவற்றைப் போல நுனியில் முடிச்சிட்டாற்போல் வளைந்திருக்கும். பங்களாவின் மெத்தைக்கென்று அமைந்த மயிரை வைத்துக்கொண்டு அது வாய்க்கால் சேற்றிலும், தென்னைகளுக்கு ஊடே பயிரிட்டிருந்த கொக்கோவின் சருகிலும் திரிந்தது. ஒட்டுப்புல் விதைகள் ஊசி ஊசியாக ஏறும். மழைக்காலத்தில் வயிற்று மயிர் திரிந்து, கட்டியாகி, தோலை இழுக்கும். தன் நாவால் தன்னைத் துப்புரவு செய்துகொள்ளும் ஆற்றல் பூனைக்கு இயல்பாக உண்டென்பார்கள். பொன்னியின் நாவு அதன் மயிருக்குப் போதவில்லை. ஆகவே, அண்ணியின் கை வேண்டியிருந்தது.

நான் பள்ளியிலிருந்து திரும்பி உண்டு முடித்ததும் சமையற்கட்டின் பின்வாயிற்படியில் அந்த வேலை தொடங்கும். நான் அருகமர்ந்து பிள்ளைகளின் ஏடுகளைத் திருத்துவேன். பெரும்பாலும் திருத்தாமல் வேடிக்கை பார்ப்பேன். அண்ணி சீப்பை உடனே எடுக்கமாட்டார். முதலில் வெறுங்கை. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரல்களால் மட்டும் உடல் முழுவதும் தேடுவார். சிக்கல் அகப்பட்டால் அதன் அடிமயிரை இரு விரலால் இறுகப் பற்றிக்கொள்வார், தோல் இழுபடாமல் இருப்பதற்கு. மறுகை விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். அதை வைத்து நெகிழ்த்திப் பிரிப்பார். கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. "வெட்டிவுட்டா அவளுக்கு வெக்கமா போயிரும்" என்பார். அதன் பின்னரே பேன்சீப்பு. அச்சீப்பு என் தாயார் அவருக்குத் திருமணத்தின்போது கொடுத்தது. தாயார் தம் இளமையில் தோட்டத்து ஆயாக்கொட்டகையில், ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஆயாவாக இருந்தவர். எத்தனையோ பிள்ளைகளின் தலையை எண்ணெய் வைத்து வாரிய சீப்பு அது. மருமகளின் கூந்தலுக்கென்று அவர் கொடுத்ததைப் பூனைக்கு எடுத்துக்கொண்டதை அண்ணி அவரிடம் சொல்லவில்லை.

இரு செய்திகளை இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, உதிர்ந்த மயிரை அண்ணி கையாண்ட விதம். நம் பெண்கள் தம் தலையிலிருந்து உதிர்ந்த முடியைக் காற்றில் விடார். சுருட்டி, ஒருமுறை துப்பி எறிவர். அண்ணி பூனையின் மயிருக்கும் அவ்வாறே செய்தார். "இதுக்குப் போயி எவன் செய்வினை வைக்கப் போறான் அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒங்கம்மா இருக்காங்கள்ல" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மற்றொன்று, பொன்னியின் வழக்கம். சீப்பு தாடைக்குக் கீழ் வந்ததும் அது தன் வலது முன்காலைத் தூக்கி அண்ணியின் மணிக்கட்டின் மேல் வைக்கும். நகம் உள்ளே இழுத்திருக்கும். அண்ணி உடனே கையை அசைக்காமல் நிறுத்திவிடுவார். அடுப்பில் எது பொங்கினாலும் சரி. அந்தக் கால் தானே இறங்கியபின்தான் சீப்பு நகரும். இது எதனால் என்று நான் பலவாறு எண்ணியதுண்டு. வலியா, கூச்சமா, அல்லது இவள் தன் சொல்லைக் கேட்கிறாளா என்று அறிந்துகொள்ளும் ஆவலா? நான் ஒருமுறை சீப்பை வாங்கி வாரிப் பார்த்தேன். என் மணிக்கட்டில் அது கால் வைக்கவில்லை. எழுந்து போய்விட்டது.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் அம்மா வந்தார். அவர் சபாக்கில் என் அக்காள் வீட்டில் இருந்தார். அவ்வப்போது பேருந்தேறி வந்து எங்களோடு சில நாள் தங்குவார். இரண்டாம் நாள் உணவின்போது இரசத்தில் ஒரு மயிர் மிதந்தது. அம்மா அதை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தேன் நிறம்.

"இது யாரு தலையில மொளச்சது?"

அம்மா இலையை மடிக்காமல் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, தீவாளிக்கு வருவேன். அன்னைக்கு இந்த ஊட்டுச் சோத்துல ஒத்த முடி கெடந்தாலும் சரி, இத சாக்குல போட்டு மீன் பசார்ல விட்டுட்டு வந்துரணும். அங்க திங்கிறதுக்கு நெறைய கெடக்கு." அண்ணன் "சரிம்மா" என்றார். அவர் கொடியவர் அல்லர். தாய் சொல்லுக்கு மறுசொல் அவருக்கு வாய்க்காது, அவ்வளவே. வேண்டாத பூனைகளைக் கோல சிலாங்கூர் மீன் பசாரில், அதாவது மீன் சந்தையில், விட்டு வருவது அக்காலத்தில் எல்லாரும் செய்ததுதான். மறுநாள் ஒரு கொப்பரைச் சாக்கு, பின்கதவின் ஆணியில் தொங்கிற்று. அண்ணி அதை விறகுக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தார். இரண்டு நாள் கழித்து அது மீண்டும் ஆணியில் இருந்தது. மாட்டியவர் அண்ணன்தான். ஆடியிலிருந்து ஐப்பசி வரை அந்தச் சாக்கு ஆணிக்கும் கொட்டகைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணி அதன்பின் நாளுக்கு இருமுறை வாரினார். ஆயினும் ஐப்பசி மழையில் பொன்னிக்கு மயிர் மிகுதியாக உதிர்ந்தது. தீபாவளிக்கு முதல் நாள் முற்பகல் அம்மா வந்து இறங்கினார், வழக்கம்போல் தம் எண்ணெய்ப் புட்டியோடு. நல்லெண்ணெயில் வெந்தயமும் கரிசலாங்கண்ணிச் சாறும் சேர்த்து அவரே காய்ச்சுவது. பெருநாள் காலை எண்ணெய்க் குளியலுக்கு எங்கள் குடும்பத்தில் வேறு எண்ணெய் கிடையாது. அதன் மணம் ஒருமுறை தலையில் ஏறினால் மூன்று குளியலுக்கும் போகாது. அம்மா உண்டுவிட்டுக் கண்ணயர்ந்தார். அண்ணி முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அடுப்படியில் பொன்னி வளையவந்தது. மாவின் மேல் ஒரு மயிர் இறங்குவதை இருவரும் ஒரே வேளையில் கண்டோம். அண்ணி அதை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, எண்ண வச்ச தலையில முடி பறந்து பாத்திருக்கியா?"

"இல்ல அண்ணி."

"அப்பறம் என்னா? பொன்னிக்கும் தீவாளிதானே."

இன்று பூனை வளர்ப்போர் இதனைக் கேட்டால் நகைப்பர். ஆனால், அந்தப் பிற்பகலில் அவ்வேரணத்தில், அதாவது காரணத் தொடர்பில், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எண்ணெய் வைத்தால் முடி படியும். படிந்த முடி பறக்காது. பிறகு சீயக்காய் போட்டு அலசிவிட்டால் உதிர்வதெல்லாம் உதிர்ந்துவிடும். மனிதத் தலைக்கு நாங்கள் அறிந்த முறை அது ஒன்றே. வெந்நீர் அடுப்பில் ஏறியது. தேங்காயெண்ணெய் பலகாரத்திற்குத் தீர்ந்துபோயிருந்ததால் அண்ணி அம்மாவின் புட்டியிலிருந்தே ஒரு கை ஊற்றிக்கொண்டார். நான் துண்டைச் சுற்றிப் பிடித்தேன். பொன்னி முதலில் மறுக்கவில்லை. அண்ணியின் விரலில் எண்ணெய் இருப்பது அதற்குப் பழக்கந்தானே. தலையிலிருந்து வால் முடிச்சு வரை தேய்த்தாயிற்று. மயிர் படிந்ததும் அது பாதியாகச் சுருங்கிவிட்டது. இவ்வளவு சிறிய உடலா உள்ளே இருந்தது என்று இருவரும் வியந்தோம். அவ்வேளையில் லயத்துப் பிள்ளைகள் பட்டாசுச் சரம் ஒன்றைக் கொளுத்தினார்கள். பொன்னி துள்ளியது. நான் இறுகப் பிடித்தேன், அண்ணியும் பிடித்தார். எண்ணெய் தடவிய பூனையைக் கையால் பிடித்து நிறுத்த இயலாது என்பதை அன்று கற்றோம். சவர்க்காரத் துண்டுபோல் வழுக்கி, படி தாண்டி, வேலி தாண்டிப் போயிற்று. இருட்டும் வரை அண்ணி பெயர் சொல்லி அழைத்தார். வரவில்லை.

மறுநாள் விடியலில் எண்ணெய்க் குளியல். பின்வாயிற்படியில் அண்ணியை உட்காரவைத்து அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணியின் கண் வேலியிலேயே இருந்தது. அப்போது படியருகே ஒரு பூனை வந்து நின்றது. கரிய பூனை. மயிரெல்லாம் ஒட்டி, எலும்பும் தோலுமாய், பாதிப் பூனை. கத்தியது, கம்மிப்போன, அறுத்தாற்போன்ற குரல். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா கருப்புப் பூன மொகத்துலயா முழிக்கிறது? வெரட்டு."

அண்ணி எழுந்தார். விளக்குமாற்றை எடுத்துத் தரையில் அடித்தார். பூனை ஓடவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை கத்தியது. இரண்டாம் முறை ஓங்கியபோது ஈர்க்கின் நுனி அதன் முதுகில் பட்டது. அதன் பின்னரே திரும்பி, ஓடாமல் நடந்து, கொக்கோ மரங்களுக்குள் மறைந்தது. அண்ணி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தேன் நிறப் பூனை வருமென்று.

அன்று எங்கள் வீட்டு உணவில் ஒரு மயிரும் இல்லை. இட்டலியில் இல்லை, கறியில் இல்லை, முறுக்கில் இல்லை. வந்த விருந்தினர் எல்லாரும் அண்ணியின் கைப்பக்குவத்தைப் பாராட்டினார்கள். அவர் புன்னகைத்துக்கொண்டே பரிமாறினார். இடையிடையே பின்பக்கம் போய்வந்தார். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக ஒரு சுற்றுப் போய்வந்தார், புதுச்சட்டையில் சேறு. "இல்ல" என்று மட்டும் அண்ணியிடம் சொன்னார். அண்ணி ஆணியைக் காட்டி, "சாக்குக்குத்தான் வேல இல்லாமப் போச்சு" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் சரியாகவே இருந்தது. அண்ணனால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிற்பகல். விருந்தினர் போய்விட்டிருந்தனர். அண்ணி உள்ளே ஏனம் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா பின்படியில் கால் நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் கைகழுவ நீர்த்தொட்டிப் பக்கம் போனபோது, தொட்டிக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சியைக் கண்டேன். அதில் பால்சோறு, பெரும்பகுதி தின்னப்பட்டு. யார் வைத்தது என்று எண்ணுவதற்குள் அம்மாவின் குரல் எழுந்தது.

"இந்தா புள்ள, மருமவளே! இங்க வா. இந்தக் கருப்பிக்கு எவ எண்ண வச்சா?"

அண்ணி ஈரக்கையோடு வந்தார். அந்தக் கரிய பூனை அம்மாவின் மடியருகே, அவருடைய புதுச்சேலையின் மஞ்சள் தலைப்பின் மேல் படுத்திருந்தது. அது படுத்த இடமெல்லாம் கறுப்பு.

"எந்த ஊருல பூன வெந்தய வாசத்தோட திரியுது? சபாக்குல காச்சி, நான் மடியில வச்சுத் தூக்கிட்டு வந்த எண்ண. நீ வெரட்டுனது ஒன் பூனைய."

பெருநாளுக்காகச் சூளைக்கு முதல் நாளே விடுமுறை. நெருப்பு அவிந்து, சாம்பலும் கரியும் வெதுவெதுப்பாய் இருந்திருக்கும். பட்டாசுக்கு அஞ்சிய பொன்னி இரவெல்லாம் அங்கே பதுங்கிக் கிடந்திருக்க வேண்டும். எண்ணெய் கரியை வாங்கிக்கொண்டது. புகை குரலை வாங்கிக்கொண்டது. இது பின்னர் நாங்கள் கூட்டிப் பார்த்தது. அப்போது அண்ணி ஒன்றும் கூட்டிப் பார்க்கவில்லை. தரையில் அமர்ந்து கையை நீட்டினார். பொன்னி பின்வாங்கி அம்மாவின் முதுகுப்புறம் ஒதுங்கிக்கொண்டது. அண்ணி இன்னும் சிறிது நீட்டினார். அது உடலைத் தரையோடு அழுத்திக்கொண்டது, விளக்குமாற்றுக்கு அஞ்சுவதைப்போல. அந்தக் கையை அவர் எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அப்படியே அழத் தொடங்கினார். நான்கு மாதமாகச் சாக்கைப் பார்த்து அழாதவர்.

அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அழுதா கரி போவுமா? தண்ணி ஊத்துனா எண்ண இன்னும் அப்பிக்கும். கடல மாவு மிச்சம் இருக்கா? எடுத்தா." பிறகு என்னிடம், "ஏ புள்ள, அந்தச் சாக்க எடுத்துக் கீழ விரி. என் சேல போனது போதும்" என்றார். ஆணியில் தொங்கிய சாக்கை நான் எடுத்து விரித்தேன். அம்மா பொன்னியை அதன் மேல் கிடத்தினார். ஆயாக்கொட்டகைக் கை அது. எந்தப் பிள்ளையும் அதனிடம் திமிறியதில்லை என்பார்கள். கடலை மாவைத் தூவி, விரலால் அடிமயிர் வரை தேய்த்து, எண்ணெயை மாவு உறிஞ்சும்வரை காத்திருந்தார். "சீப்பு?" என்று கேட்டார். அண்ணி தயங்கி, அந்தப் பேன்சீப்பை எடுத்து நீட்டினார். அம்மா சீப்பைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "இதுக்குத்தான் குடுத்தனா?" என்றார். அவ்வளவே.

சீப்பு ஒருமுறை இறங்கும்போது கரியும் மாவுமாய்க் கட்டி கட்டியாக வரும். அதைச் சாக்கில் தட்டுவார். மறுபடி மாவு, மறுபடி சீப்பு. முதுகில் முதலில் ஒரு கோடு தேன் நிறம் தெரிந்தது. சாம்பல் மூடிய பித்தளையைத் துலக்கும்போது இவ்வாறு தோன்றும். அண்ணி எட்டவே அமர்ந்திருந்தார். அருகில் வந்தால் அது எழுந்துவிடுமென்ற அச்சம். சீப்பு தாடைக்குக் கீழ் வந்தது. பொன்னி வலது முன்காலைத் தூக்கி அம்மாவின் மணிக்கட்டின் மேல் வைத்தது.

"என்னா இது, கையப் புடிக்குது?"

"நிறுத்தச் சொல்லுது அத்தை" என்றார் அண்ணி, இருந்த இடத்திலிருந்தே. "அது எடுக்கிற வரைக்கும் கொஞ்சம் அசையாம இருங்க."

என் தாயார் பொறுமைக்குப் பெயர் பெற்றவர் அல்லர். பேருந்து நிற்பதற்கு முன் இறங்குபவர். சோறு வடியுமுன் குழம்பை ஊற்றுபவர். அவர் அன்று சீப்பைப் பிடித்த கையை அந்தரத்தில் நிறுத்தி, ஒரு பூனையின் உத்தரவுக்காக, அசையாமல் இருந்தார். அவர் மணிக்கட்டில் கரிய தடம் பதிந்தது. அந்தக் கால் தானே இறங்கியபின்தான் மீண்டும் வாரினார். பொழுது சாயும் வேளையில் சாக்கின் மேல் கரிக்குவியலும், அதன் நடுவே திட்டுத் திட்டாய்த் தேன் நிறமான ஒரு பூனையும் இருந்தன. அம்மா உதிர்ந்த மயிரையெல்லாம் திரட்டி, கையில் உருட்டி, துப்பி எறிந்தார். நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெருமுயற்சி செய்தோம்.

சாக்கைப் பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை. அண்ணன் அதை உதறி விறகுக் கொட்டகையில் போட்டார். அது ஆணிக்குத் திரும்பவில்லை. அம்மா ஊருக்குப் புறப்பட்டபோது அண்ணியிடம், "சோத்துல முடி கெடந்தா எடுத்துப் போட்டுட்டுத் திங்கிறேன். எண்ணயில மட்டும் கைய வைக்காத" என்று சொல்லிப் பேருந்தேறினார். ஆயினும் அண்ணி இழந்தது முழுமையாக அன்றே திரும்பக் கிடைத்துவிடவில்லை. பொன்னி வீட்டில் இருந்தது, உண்டது, அண்ணி கை நீட்டினால் எழுந்து போயிற்று. அண்ணி அழைக்கவில்லை, துரத்திப் பிடிக்கவும் இல்லை. நாள்தோறும் அதே வேளையில் அதே படியில் சென்று அமர்வார். சீப்பைத் தரையில் வைத்துவிட்டுக் கீரை ஆய்வார். அது வேலியோரம் இருந்து பார்க்கும். பிறகு வாழையடியிலிருந்து பார்த்தது. பிறகு கீழ்ப்படியில். கார்த்திகை விளக்குக்குப் பின் ஒருநாள், நான் பள்ளியிலிருந்து வந்தபோது, அண்ணி கையில் ஒரு கீரைத்தண்டோடு சிலைபோல் அமர்ந்திருந்தார். "அண்ணி" என்றேன். "பேசாத" என்று உதட்டால் மட்டும் சொன்னார். அவர் மணிக்கட்டின் மேல் அந்தக் கால் இருந்தது.

இனி, நான் இன்றளவும் தீர்த்துக்கொள்ளாத ஐயம் ஒன்று. தன் விரலால் அந்த உடலின் ஒவ்வொரு சிக்கலையும் அறிந்த அண்ணி, கண்ணால் பார்த்தபோது அதனை அறியவில்லை. பூனையை வெறுத்த அம்மா மூக்கால் அறிந்தார். எப்போது அறிந்தார்? பிற்பகலில் என்றுதான் நாங்கள் அனைவரும் நம்பினோம். ஆனால், நீர்த்தொட்டிக்குப் பின்னால் இருந்த கொட்டாங்கச்சிப் பால்சோறு அதற்கு முன்பே வைக்கப்பட்டது. அன்று இரவு உணவின்போது அதுபற்றிக் கேட்டேன். "காக்காவுக்கு வச்சது" என்றார் அம்மா. காக்கைக்கு யாரும் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதில்லை. விடியலில் அம்மாவின் கையெல்லாம் அதே எண்ணெய். அண்ணியின் தலையெல்லாம் அதே எண்ணெய். அந்த மணத்தின் நடுவே பூனையின் மணத்தை எவ்வாறு பிரித்தறிந்திருக்க இயலும்? அல்லது, அறியாமலேயே, தாம் விரட்டச் சொன்ன ஒரு கரிய பூனைக்கு இரங்கி வைத்தாரா? அண்ணி, அறிந்தே வைத்தார் என்ற கருத்தையே கொண்டிருந்தார். "அத்தைக்குக் காலையிலயே தெரியும்லா. நான் என்ன செய்யறேன்னு பாத்தாங்க" என்பார்; அதில் கோபம் இருந்ததில்லை. பல்லாண்டு கழித்து, அம்மா படுக்கையில் இருந்த நாளில் நேரே கேட்டேன். "கத்துச்சு. பசின்னு தெரிஞ்சிச்சு. அதுக்கு மேல எதுக்குடி ஒனக்கு?" என்றார். பள்ளியில் முப்பதாண்டு கேள்வி கேட்டுப் பழகியவள் நான். அன்று கேள்வியை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் மகளும் இன்று ஒரு பூனை வளர்க்கிறாள். ராவாங்கில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால், குளிப்பாட்டி, உலர்த்தி, நறுமணம் பூசித் தருகிறார்களாம். நானும் ஒருமுறை உடன் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். திறமையான பிள்ளைகள், கை பதறாமல் செய்கிறார்கள். அப்பூனை யாருடைய மணிக்கட்டிலாவது கால் வைக்கிறதா என்று உற்று நோக்கினேன். ஊதுகருவியின் இரைச்சலில் ஒன்றும் தெளிவாகவில்லை. வீட்டுக்கு வந்தபின் அவளிடம் முழுக்கதையையும் சொன்னேன். அவள் பேன்சீப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இந்தக் கரி...?" என்றாள். "பொன்னியினுடையது" என்றேன். மறுநாள் அதைக் கழுவ வேண்டாமென்று தன் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தோட்டத்தில் அக்காலத்தில் வாழ்ந்தவர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், என் பிழைகளைத் திருத்த வேண்டுகிறேன். சூளை வாய்க்காலின் எப்பக்கம் இருந்தது என்பதில் எனக்கு முழு உறுதியில்லை. அவ்வாண்டு தீபாவளியன்று மழை பெய்ததாகவும் பெய்யவில்லை என்றும் என் நினைவே இருவிதமாய்ச் சொல்கிறது. பொன்னியின் உடன்பிறந்த குட்டிகள் எவ்வீடுகளுக்குப் போயின என்பதையும் அறிய விரும்புகிறேன். மேலும், அன்று லயத்திலிருந்து வந்த விருந்தினருள் ஒருவர்தாம் அந்தக் கொட்டாங்கச்சியைத் தொட்டிக்குப் பின்னால் வைத்தார், என் தாயார் அல்லர் என்று எவருக்கேனும் தெரிந்திருந்தால், அதனையும் மறைக்காமல் தெரிவியுங்கள். திருத்திக்கொள்கிறேன், விருப்பமில்லாமல்தான். அவளிடம் கேட்டு வாங்கி வந்த சீப்பு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதன் கருமை யாருடையது என்பதில் மட்டும் எனக்குத் திருத்தம் தேவைப்படாது.